ஓஎஸ் போட எதைக் கையில் எடுப்பது: டிவிடியா, பென்டிரைவா, வென்டாயா, நெட்வொர்க்கா?

சேலத்துக் கடைகளில் இன்றும் "விண்டோஸ் சிடி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கடைக்காரர் எடுத்து நீட்டுவது பென்டிரைவாக இருக்கும். பொருள் மாறியும் பெயர் சிடியிலேயே நின்றுவிட்டது. பேச்சோடு போனால் இதில் கெடுதல் ஒன்றுமில்லை. நாமே உட்கார்ந்து ஓஎஸ் (கணினியை இயக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) போடும்போதுதான் வம்பு. டிவிடி, பென்டிரைவ், நெட்வொர்க் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. வென்டாய் என்பது பல ஓஎஸ்களை ஒரே பென்டிரைவில் வைக்கும் வழி. ஒரு சிஸ்டத்தில் கால் மணி நேரத்தில் ஏறுவது, பக்கத்து மேஜை சிஸ்டத்தில் அரை நாள் மல்லுக்கட்டினாலும் ஏறாது.

எது நல்லது என்று கேட்பதற்கு முன் எந்த மெஷினுக்குள் போகப்போகிறது என்று கேட்க வேண்டும். அஸ்தம்பட்டியில் போன மாதம் வாங்கிய லேப்டாப்புக்கும், 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்து இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புக்கும், இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடும் பழைய டெஸ்க்டாப்புக்கும் ஒரே விடை கிடையாது.

முதலில் மெஷினின் வயது

மதர்போர்டு எழுந்ததும் முதலில் ஓடும் நிரல் இரண்டு வகை. ஒன்று பழைய பயாஸ், இன்னொன்று யூஇஎஃப்ஐ. விண்டோஸ் 8 வந்த 2012 அக்டோபரை ஏறத்தாழ எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்புகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ. அதற்கு முந்தையவை பெரும்பாலும் பயாஸ். இடையில் வந்த பல போர்டுகள் 'லெகசி' என்ற பெயரில் இரண்டையும் வைத்திருக்கும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் லெகசியே கிடையாது.

சிஸ்டம் இன்னும் ஓடுகிறது என்றால் ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பொத்தானோடு 'ஆர்' அழுத்தி, வரும் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று கொடுத்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் 'பயாஸ் மோட்' என்ற வரிக்கு எதிரே லெகசி என்றோ யூஇஎஃப்ஐ என்றோ இருக்கும். பிறகு சொல்லப்போகும் பாதித் தகராறுகளுக்கு இந்த ஒரு வரிதான் மருந்து. ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் நம்மைக் கேட்காமலே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் செட்டிங்கில், அதாவது மெஷின் எதிலிருந்து எழ வேண்டும் என்ற அமைப்பில், கைவைத்த மறுநொடி அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருக்காது. கீயை எடுத்து எழுதிவைத்த பிறகுதான் எஃப்2 பக்கம், அதாவது பயாஸ் செட்டிங் பக்கம், போக வேண்டும்.

டிவிடி: செத்துவிடவில்லை, ஆனால் இடம் சுருங்கிவிட்டது

டிவிடியின் முதல் பிரச்சினை கொள்ளளவு. அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபிதான். விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ கோப்பு (முழு இன்ஸ்டால் தட்டும் ஒரே கோப்பாக அடங்கியது) 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. லினக்ஸ் வகையான உபுண்டு 24.04 டெஸ்க்டாப் பதிப்பும் அப்படியே. ஆகவே இவை இரண்டும் சாதாரண டிவிடியில் ஏறாது. இரண்டு அடுக்கு டிவிடி 8.5 ஜிபி கொள்ளும். ஆனால் அது கடைகளில் சுலபமாக அகப்படாது. அகப்பட்டாலும் பழைய டிரைவ்கள் இரண்டாம் அடுக்குக்குத் தாவும் இடத்தில் திணறும். விண்டோஸ் 7, லினக்ஸ் மின்ட், இன்னொரு லினக்ஸான டெபியனின் சிறிய நெட் இன்ஸ்டால் ஆகியவை இன்றும் ஒரே டிவிடியில் அடங்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 700 எம்பி சிடியே போதும்.

இரண்டாவது வேகம். லேப்டாப்பில் வரும் மெல்லிய டிவிடி டிரைவ் 8எக்ஸ் என்றால் நொடிக்கு 11 எம்பி. அதுவும் தட்டின் வெளி விளிம்பில்தான். உள்வட்டத்தில் பாதிகூட வராது. சின்னச் சின்னக் கோப்புகளாகத் தேடி எடுக்கும்போது லென்ஸ் இங்கும் அங்கும் ஓடுவதிலேயே நேரம் போய்விடும். மின்ட்டை இன்ஸ்டால் செய்யாமல் தட்டிலிருந்தே ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் 'கர்... கர்...' சத்தம் தெரியும். மெனு திறக்கச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரலாம்.

எழுதும்போது நடக்கும் தவறுகளில் ஒன்று எல்லாவற்றையும் மிஞ்சும். ஐஎஸ்ஓ கோப்பை வழக்கமான கோப்புபோல் இழுத்து டிவிடியில் போடுவதுதான் அது. எழுதி முடிந்துவிடும், தட்டும் நன்றாகவே இருக்கும், ஆனால் பூட் ஆகாது. தட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் உட்கார்ந்திருந்தால் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். சரியாக எழுதியதில் பல ஃபோல்டர்களும் கோப்புகளும் தெரியும். ஐஎஸ்ஓ மீது வலது கிளிக் செய்து 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 7 முதல் இது உள்ளேயே இருக்கிறது. கீழே 'வெரிஃபை' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். நேரம் இரட்டிப்பாகும். ஆனால் கோப்பு நகலெடுப்பதில் 60 சதவீதத்தில் நின்றுபோகும் தட்டு அங்கேயே அகப்பட்டுவிடும். இம்க்பர்ன் போன்ற நிரலில் வேகத்தை நாமே குறிக்கலாம். 16எக்ஸ் வேண்டாம், 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் போதும். பழைய டிரைவில் படிக்கப்போகும் தட்டை அவசரமாக எழுதக்கூடாது. திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டும் அத்தகைய டிரைவுக்கு ஆகாது. அதில் ஒளி திரும்பும் அளவு குறைவு, தேய்ந்த லென்ஸுக்கு எட்டாது.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தத் தட்டு குப்பைக்குத்தான். பென்டிரைவ் என்றால் மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொள்ளலாம். காலி டிவிடி ஒன்றின் விலை ஒரு டீ, வடைக்குள் முடிந்துவிடும் என்பது உண்மைதான். நாலு தட்டு வீணானபின் அந்தக் கணக்கு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

ஏற்காட்டில் இன்னொரு தொல்லை உண்டு. மழைக்காலத்தில் ஈரமும் பனிமூட்டமும் எஸ்டேட் அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் திறக்கப்படும் டிவிடி டிரைவின் லென்ஸில் மங்கல் படியும், தூசி ஒட்டும். மலையில் டிவிடியை நம்பிப் போகிறவர்கள் அங்கே இருக்கும் டிரைவை நம்பக் கூடாது. நன்றாக ஓடும் யூஎஸ்பி வெளி டிரைவ் ஒன்றைக் கூடவே எடுத்துப்போக வேண்டும். அதற்கு ஒரே யூஎஸ்பி போர்ட்டின் மின்சாரம் போதாமல் போகலாம். தட்டு சுழலத் தொடங்கித் தொடங்கி நிற்கும். அப்போது இரண்டு முனை கேபிள் வேண்டும், அல்லது டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்டில் செருக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், டிவிடியே ஜெயிக்கும் இடங்கள் மூன்று உண்டு.

முதலாவது எக்ஸ்பி. அதன் இன்ஸ்டாலர் சிடியை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. பென்டிரைவிலிருந்து ஏற்றச் சுற்றுவழிகள் உண்டு, ஆனால் சிடி அரை மணியில் முடிப்பதை அவை ஒரு நாளுக்கு இழுக்கும். பயாஸில் சாட்டா மோடை (ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையை) ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்ற மறந்தால் நீலத்திரையும் 7பி பிழையும் வரும். தப்பு தட்டில் இல்லை.

இரண்டாவது, ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸருக்கான போர்டில் விண்டோஸ் 7. விண்டோஸ் 7 இன்ஸ்டாலரிடம் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. ஆறாம் தலைமுறையில் இன்டெல் பழைய யூஎஸ்பி 2 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டது. பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், மொழி கேட்கும் திரை வரை வரும், அதற்குமேல் கீபோர்டும் மவுஸும் செத்துவிடும். 'சிடி டிரைவர் காணோம்' என்ற புரியாத செய்தியும் வரும். சாட்டா கேபிளில் மாட்டிய உள் டிவிடி டிரைவும், உருண்டை முனை கொண்ட பழைய பிஎஸ்2 கீபோர்டும் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வேறு வழியில்லாத மெஷினுக்கு மட்டும், இன்டர்நெட் இணைக்காமல் போடுங்கள்.

மூன்றாவது, யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யவே தெரியாத மிகப் பழைய பயாஸ்.

பென்டிரைவ்: பெரும்பாலோருக்கு இதுதான், ஆனால் எழுதும் விதம் முக்கியம்

2012க்குப் பிந்தைய எந்த மெஷினுக்கும் பென்டிரைவே முதல் தேர்வு. 8 ஜிபி குறைந்தபட்சம், 16 வசதி, 32 இருந்தால் டிரைவர்களுக்கும் இடம் கிடைக்கும். பழைய மெஷினுக்கு 128 ஜிபி வாங்கிச் செருக வேண்டாம். சில பழைய பயாஸ்கள் பெரிய அளவைக் கண்டு குழம்பும்.

அளவைவிட எழுதும் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 6 எம்பி எழுதும் மலிவு பென்டிரைவில் 5.5 ஜிபி ஏறக் கால் மணி ஆகும். யூஎஸ்பி 3இல் நொடிக்கு 100 எம்பி எழுதுவதில் ஒரு நிமிடம். பாதி விலைக்கு 2 டிபி என்று விற்கும் பென்டிரைவ்கள் போலி. உள்ளே சில ஜிபிதான் இருக்கும், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். எழுதும்போது பிழை வராது, இன்ஸ்டால் நடுவில் 'கோப்பு சேதம்' என்று வரும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

இனி எதைக் கொண்டு எழுதுவது? மூன்று பேரை ஒப்பிடலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் யோசனையே கேட்காது. பென்டிரைவைக் காட்டினால் தானே இறக்கி, தானே எழுதும். உள்ளே இருக்கும் பெரிய கோப்பை அதிகம் சுருக்கிய வடிவில் வைப்பதால் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலேயே அடங்கிவிடும். குறை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் நெட்டிலிருந்து இறக்குவதே அதன் வழி. 64 ஜிபி பென்டிரைவை 32 ஜிபியாகக் காட்டும். மீதி தொலையவில்லை, பிரிக்கப்படாமல் கிடக்கும். விண்டோஸ் 11 ஏற்கும் புதிய லேப்டாப் ஒன்றே ஒன்றுக்குப் போடுவதாயிருந்தால் இதற்குமேல் தேட வேண்டாம்.

ரூஃபஸ் இலவசம், மூலநிரல் திறந்தது, இன்ஸ்டாலே தேவையில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும். இறக்கி வைத்த ஐஎஸ்ஓவைப் பத்து பென்டிரைவில் எழுதலாம். கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் வேலை நடக்கும். 'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரா, புதிய முறையான ஜிபிடியா என்று கேட்கும். தாளில் குறித்த வரி இங்கே உதவும். லெகசி என்றால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. அடுத்து ஃபைல் சிஸ்டம், அதாவது பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் உள்ள 'இன்ஸ்டால்.விம்' தாண்டிவிடும். ரூஃபஸ் அதனால் என்டிஎஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, யூஇஎஃப்ஐக்குப் புரியும் ஒரு குட்டிப் பகுதியைக் கடைசியில் ஒட்டிவைக்கும். அந்தக் குட்டிப் பகுதியை அழித்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் கையாலேயே ஃபேட்32 பென்டிரைவுக்குக் காப்பி செய்யலாம் என்ற யோசனை முன்பு நடந்தது. இப்போது நடக்காததற்கு இந்த 4 ஜிபிதான் காரணம்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ என்றால் ரூஃபஸ் 'ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா' என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ. பூட் ஆகாவிட்டால் மறுபடி எழுதும்போது டிடி. டிடியில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், பென்டிரைவ் கெடவில்லை.

எட்சர் மூன்று பொத்தான்களில் முடிந்துவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்கு அருமை. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு மட்டும் ஆகாது. 'எழுதியாச்சு' என்று சொல்லும், பூட் ஆகாது. எட்சரைக் குறை சொல்லிப் பயனில்லை, விண்டோஸ் ஐஎஸ்ஓ அந்த விதத்தில் கட்டப்படவில்லை.

எதில் எழுதினாலும் இறக்கிய ஐஎஸ்ஓ முழுதாக வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். 7-ஜிப் என்ற கோப்பு சுருக்கும் நிரல் இருந்தால் கோப்பின் மீது வலது கிளிக் செய்தாலே, கோப்பின் கைரேகை போன்ற 'எஸ்எச்ஏ-256' குறியீட்டைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. வரும் 64 எழுத்தை, இறக்கிய தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்தால் போதும். டவுன்லோடு கெட்டுப்போயிருந்தால் ஒட்டுமொத்தமாகவே மாறியிருக்கும்.

பென்டிரைவ் சரி, இன்ஸ்டால் ஏன் நிற்கிறது?

பூட் மெனுவுக்கான பொத்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோ எஃப்12. எச்பி எஃப்9. ஆசுஸ் லேப்டாப் எஸ்கேப், ஆசுஸ் போர்டு எஃப்8. எம்எஸ்ஐ எஃப்11, ஜிகாபைட் எஃப்12. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை இயக்கிவைத்தால்தான் வரும். லேப்டாப்பில் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.

அந்த மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்று வெறும் பெயரோடு, மற்றொன்று முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்ற சொல்லோடு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், டிஸ்க் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'இந்த டிஸ்க் ஜிபிடி, இதில் போட முடியாது' என்று வரும். யூஇஎஃப்ஐ வழியாகப் போய் டிஸ்க் பழைய வகையாக இருந்தால் 'எம்பிஆர், முடியாது' என்று வரும். செய்தி டிஸ்க்கைக் குற்றம் சொல்கிறது, தவறு பெரும்பாலும் நாம் நுழைந்த வாசலில் இருக்கிறது. வெளியே வந்து, மற்ற வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பலரும் உடனே ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியில் 'கிளீன்' கொடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யும். கூடவே டிஸ்க்கில் இருந்த கல்யாண ஃபோட்டோவும் ஜிஎஸ்டி கணக்கும் போய்விடும். தரவு வேண்டும் என்றால் விண்டோஸ் 10இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி அழிக்காமல் மாற்றித் தரும். அதற்கும் முன்னால் பேக்கப் எடுப்பதே புத்தி.

அடுத்தது, 11ஆம் தலைமுறை முதல் வந்த பல இன்டெல் லேப்டாப்புகளில் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. பட்டியல் காலியாக இருக்கும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று பயந்து புதிது வாங்க வேண்டாம். விஎம்டி என்ற இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. லேப்டாப் கம்பெனி தளத்தில் அந்த மாடலுக்கான 'ரேபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்கி, பிரித்து, '.ஐஎன்எஃப்' கோப்பு இருக்கும் ஃபோல்டரை அதே பென்டிரைவில் போடுங்கள். இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். எழுதி முடித்த டிவிடியில் இப்படிப் பின்னால் ஒன்றைச் சேர்க்க வழியில்லை, எப்படியும் ஒரு பென்டிரைவ் தேட வேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய மெஷினுக்கு டிவிடி வேண்டாம் என்று சொல்லலாம்.

முதல் ரீஸ்டார்ட்டில் மறுபடி பென்டிரைவிலிருந்தே பூட் ஆகி, மொழி கேட்கும் திரைக்கே திரும்பினால் பென்டிரைவை உருவிவிடுங்கள். டிவிடியில் இதே இடத்தில் 'ஏதாவது ஒரு கீயை அழுத்து' என்று வரும். இரண்டாம் முறை அழுத்தாமல் சும்மா இருக்க வேண்டும்.

விண்டோஸின் லைசென்ஸ் கீ கேட்டால் பதற வேண்டாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் கீ மதர்போர்டிலேயே இருக்கும். நம் ஊரில் விற்கும் பல லேப்டாப்புகள் ஹோம் சிங்கிள் லாங்வேஜ் பதிப்பு. இன்ஸ்டாலர் தானே அதை எடுத்துக்கொள்ளும். ஆசைப்பட்டு 'ப்ரோ' ஏற்றினால் அந்தக் கீ செல்லாது. 'ஆக்டிவேட் பண்ணியே இருக்கு' என்று தரப்படும் ரெடிமேட் பென்டிரைவை எந்தச் சூழலிலும் தொடாதீர்கள். அதில் விண்டோஸோடு கூட வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

வென்டாய்: பை தூக்கிப் போகிறவர்களுக்கு

ஒரு நாளில் நாலு இடம் போய் நாலு வகை மெஷினைப் பார்க்கிறவர், ரூஃபஸில் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்க முடியாது. 2020இல் வந்த வென்டாய் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. பென்டிரைவில் ஒருமுறை வென்டாயை நிறுவினால் அது இரண்டு பகுதியாகப் பிரியும். பெரியது எக்ஸ்ஃபேட், சின்னது 32 எம்பி. பெரிய பகுதியில் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்துவிட்டால் போதும். பூட் செய்ததும் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். 64 ஜிபியில் விண்டோஸ் 10, 11, மின்ட், டெபியன், டிஸ்க்கைப் படியெடுக்கும் குளோன்ஸில்லா, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் எல்லாம் வைத்தபின்னும் டிரைவர்களுக்கு இடம் மிஞ்சும். பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டிலும் ஒரே பென்டிரைவ் எழும்.

சிக்கும் இடங்களும் உண்டு. செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாததை எழவிடாத பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப்பில் முதல் முறை நீலப் பெட்டி ஒன்று வந்து மறிக்கும். அதில் 'என்ரோல் கீ ஃபிரம் டிஸ்க்' போய், வென்டாய் பகுதியில் உள்ள சான்றிதழைக் காட்டி, ரீபூட் செய்ய வேண்டும். ஒரு மெஷினுக்கு ஒரு முறைதான். மற்றவருடைய லேப்டாப்பில் இப்படி ஒரு கீயைச் சேர்ப்பது அவருக்குத் தெரிந்து நடக்க வேண்டும். ஒரு ஐஎஸ்ஓ பட்டியலில் தெரிந்தும் பூட் ஆகாவிட்டால் தேர்ந்தெடுத்த பின் வரும் சிறு மெனுவில் 'நார்மல்' தவிர்த்து, லினக்ஸுக்கு 'க்ரப்2', விண்டோஸுக்கு 'விம்பூட்' முயன்று பாருங்கள். புதிய பதிப்பு வந்தால் 'அப்டேட்' அழுத்துங்கள், கோப்புகள் இருக்கும். கை தவறி 'இன்ஸ்டால்' அழுத்தினால் எல்லாம் காலி. காப்பி முடிந்த உடனே பிடுங்காமல் 'இஜெக்ட்' கொடுத்து எடுக்க வேண்டும். 5 ஜிபி கோப்பின் வால் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கலாம்.

திறந்த மூலநிரலோடு சேர்ந்து வரும் சில ஆயத்த பைனரி கோப்புகள் (உள்ளே இருப்பதைப் படித்துப் பார்க்க முடியாதவை) பற்றி வென்டாய் மீது கேள்விகள் எழுந்ததுண்டு. வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களின் மெஷினுக்கு அதைத் தவிர்த்து ரூஃபஸில் எழுதிய தனி பென்டிரைவைக் கொண்டுபோவதே நல்லது.

நெட்வொர்க்: லேபுக்கு மட்டும்

கல்லூரி லேப் ஒன்றில் 40 சிஸ்டம் என்றால் பென்டிரைவோடு மேஜை மேஜையாக அலைவது முட்டாள்தனம். பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழியாகவே பூட் ஆகும் முறையில், ஒரு சர்வரிலிருந்து எல்லா மெஷினும் எழும். முதலில் மெஷின்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சைப் பாருங்கள். 5.4 ஜிபி வீதம் 40 மெஷினுக்கு 216 ஜிபி. கிகாபிட் ஸ்விட்சில் நொடிக்கு 110 எம்பி வைத்தால் முக்கால் மணிக்குள் முடியும். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஃபாக் போன்ற கருவியில் மல்டிகாஸ்ட் வைத்தால் ஒரே ஓட்டத்தில் எல்லாருக்கும் போகும். ஆனால் எல்லா மெஷினும் ஒரே மாடலாக இருந்தால்தான் சுகம். பத்து மெஷினுக்குக் கீழ் என்றால் மூன்று பென்டிரைவ்களைச் சுழற்றினாலே சீக்கிரம் முடியும். சர்வர் அமைப்பதற்கே அரை நாள் வேண்டும்.

கோரிமேடு தாண்டும் முன்

கோரிமேடு தாண்டி மலையேறி ஏற்காடு, நாகலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு 'டிரைவர் மறந்துவிட்டது' என்றால் அங்கே நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் விண்டோஸ் ஐஎஸ்ஓ நாலு நாளைக்குப் பங்கு போடும். சிக்னல் 2 எம்பிபிஎஸ்ஸில் நின்றால் 5.5 ஜிபிக்கு ஆறு மணி நேரம். ஆகவே மெஷினின் மாடல் எண்ணை முன்பே ஃபோனில் வாங்கி, வைஃபை, லேன், ஸ்டோரேஜ் டிரைவர் மூன்றையும் அடிவாரத்திலேயே பென்டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11 இன்ஸ்டால் கடைசியில் நெட் கேட்டு அடம்பிடிக்கும். வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே முட்டி நிற்கும். ஆண்ட்ராய்டு ஃபோனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். ஒரே பென்டிரைவை நம்பி மலை ஏறாதீர்கள். வென்டாய் ஒன்று, ரூஃபஸில் எழுதியது ஒன்று, இரண்டும் பையில் இருக்கட்டும்.

எந்த மெஷினுக்கு எது

விண்டோஸ் 11 ஏற்கும் மெஷின், அதாவது இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் உள்ளது: மீடியா கிரியேஷன் டூல். அதற்குக் கீழே இருந்து, விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால் தவிப்பவை: ரூஃபஸ் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தரும், ஆனால் நாளைய அப்டேட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. 4 ஜிபி ராம் கொண்ட வீட்டு மெஷினுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பே நிம்மதி. 2 ஜிபி ராமோடு நிற்கும் பழைய இலவச லேப்டாப்புக்கு டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ, லெகசி, எம்பிஆர், 8 ஜிபி பென்டிரைவ்.

கடைசியாக அந்த இளம்பிள்ளை டெஸ்க்டாப். எக்ஸ்பியோ 7ஓ ஓடும், பின்னால் பேரலல் போர்ட்டில் டிசைன் மென்பொருளின் டாங்கிள் (அது இல்லாமல் மென்பொருள் திறக்காத சிறு பூட்டுக் கருவி) செருகியிருக்கும், மென்பொருளின் தட்டு எப்போதோ தொலைந்திருக்கும். ஸ்லோவாகிவிட்டது என்று இதில் ஃபார்மட் அடித்தால் ஓஎஸ் திரும்ப வரும், டிசைன் மென்பொருள் வராது, தறி நிற்கும். இங்கே டிவிடியும் வேண்டாம், வென்டாயும் வேண்டாம், ஓஎஸ்ஸே போட வேண்டாம். குளோன்ஸில்லாவின் பழைய 32 பிட் பதிப்பு ஒரே சிடியில் அடங்கும். அதில் பூட் செய்து, இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அதே அளவோ பெரிதோ ஆன ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு 'டிஸ்க் டு டிஸ்க்' முறையில் படியெடுங்கள். எது மூலம், எது புதிது என்பதை டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பார்த்து இரண்டு முறை உறுதி செய்யுங்கள், திசை மாறினால் காலி டிஸ்க் பழையதை அழித்துவிடும். முடிந்ததும் எஸ்எஸ்டியை மாட்டி, டாங்கிளோடு டிசைனைத் திறந்து பாருங்கள். திறந்தால் பழைய டிஸ்க்கை உறையில் போட்டுத் தேதி எழுதி, தறிக்கூடத்துத் தூசி படாத அலமாரியில் வையுங்கள்.